மலைமேல் கேரவன், ஜெனரேட்டர், அக்கம்பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. காபி உலர்த்தும் களத்தை ஒட்டிய புல்தரையில் ஐந்து கேரவன்கள் வரை இரவு தங்க இடம் கொடுக்கிறோம். வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர், இரண்டாவது கழிவறை, மூன்றாவது ஜெனரேட்டர். முதல் இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்குத்தான் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வைத்திருப்பதுதானே?

அதேதான், அளவு மட்டும் சிறியது. இங்கே வருபவை பெரும்பாலும் டிராவலர் வேனைப் பிரித்து உள்ளே கட்டில், சிங்க், ஃப்ரிட்ஜ் வைத்துக் கட்டியவை. ஷூட்டிங் கேரவன் நிற்கும் இடத்தில் ஜெனரேட்டர் வண்டியும் உறுமிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, கேரவன் என்றால் ஜெனரேட்டர் ஓடியே ஆகவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் தாங்கள் கொண்டுவந்த ஜெனரேட்டரை ஒரு முறைகூட இழுத்து ஸ்டார்ட் செய்யாமல்தான் ஊர் திரும்புகிறார்கள்.

எத்தனை மணிக்கு ஓட்டலாம்?

காலை 8 முதல் 10 வரை. மாலை 5 முதல் 7 வரை. மற்ற நேரத்தில் வேண்டாம்.

சட்டப்படி இரவு 10 மணிக்குத்தானே அணைக்க வேண்டும்?

சட்டத்தைப் படித்துவிட்டுக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. உண்மைதான். ஆனால் அதே விதிகள் பகலுக்கும் அளவு வைத்திருக்கின்றன. குடியிருப்புப் பகுதி என்றால் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இருக்கும் இடத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலம் என்று அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. ஏற்காடு விடுதிப் பள்ளிகள் நிறைந்த ஊர். ஏரிப் பக்கமோ டவுன் பக்கமோ வண்டியை நிறுத்துபவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிறுத்துவது நல்லது. இரவு 10 மணி வரை எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

சட்டம் இருக்கட்டும். களத்துக்குக் கீழே சரிவில் எங்கள் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் இருக்கின்றன. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர். நடுவில் சில்வர் ஓக் மரங்களும் காபிச் செடியும் மறைப்பதால், இரவில் வந்து சேருபவர்களுக்கு அங்கே வீடு இருப்பதே தெரியாது. அந்த வீட்டுப் பெண்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பழம் பறிக்க வரமுடியும். அதனால் எட்டரைக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுவார்கள். பத்து மணிக் கணக்கு டவுன்காரர்களின் தூக்கத்துக்குச் சரி. இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் நட்டம். நான் 7 மணி என்று வைத்திருப்பது அதனால்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் வருடம் நானே 10 மணி என்றுதான் போர்டு எழுதி வைத்திருந்தேன். யாரும் புகார் சொல்லவில்லை. முதலாளியிடம் வந்து தூக்கம் கெடுகிறது என்று யார் சொல்வார்கள்? அறுவடை நேரத்தில் ஒருநாள் வேலைக்கு வந்த அக்கா ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்ததைப் பார்த்து, நான் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

என்னுடையது சைலன்ட் ஜெனரேட்டர். சத்தமே வராது என்று கடைக்காரர் சொன்னாரே?

கடைக்காரர் கடைவீதியில் நின்றுகொண்டு சொல்லியிருப்பார். பஸ் ஹாரனுக்கு நடுவே எல்லா ஜெனரேட்டரும் சைலன்ட்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் வீட்டு மூலையில் பேட்டரியோடு இருக்கும் பெட்டி. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்பது வேறு. சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கொடுப்பதற்காக எப்போதும் ஒரே வேகத்தில், பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்று, ஓடியாக வேண்டும். ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் அதே உறுமல்தான். இன்வெர்ட்டர் வகையில் வந்த கரண்ட்டை மின்னணுச் சுற்று மாற்றிக் கொடுப்பதால், லோடு குறைந்தால் இன்ஜினும் வேகம் குறைந்து மெதுவாக ஓடும். செல்போன் சார்ஜ் போடும்போது முனகும், இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் அதுவும் கத்தும்.

இப்போது கணக்கு. இந்தியாவில் விற்கும் பெட்ரோல், மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்களுக்கு 2003 செப்டம்பரிலிருந்து உச்சவரம்பு 86 டெசிபல். அது கருவி வெளியிடும் மொத்த ஒலித்திறன். திறந்த வெளியில் 7 மீட்டர் தள்ளி நின்றால் காதுக்கு வருவது சுமார் 61. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 14 மீட்டரில் 55, 28 மீட்டரில் 49, 56 மீட்டரில் 43. ஆக, விதிப்படி தயாரான கருவியே இரவு அளவான 45-க்குள் அடங்க ஏறத்தாழ 45 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் புல்தரையில் அடுத்த வண்டி 12 மீட்டரில் நிற்கிறது.

சைலன்சர் இற்றுப்போன பழைய கருவி 7 மீட்டரில் 70 காட்டும். அதே கணக்கைப் போட்டால் நூறு மீட்டரில், அதாவது லைன் வீட்டு வாசலில், 47. நல்ல இன்வெர்ட்டர் வகை குறைந்த லோடில் 7 மீட்டரில் 50-ஐ ஒட்டி நிற்கும். பத்து டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால், 50-க்கும் 70-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. காதுக்கு அது நான்கு மடங்கு.

செல்போன் ஆப் வைத்து அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்த இடத்தைவிட அந்த இடம் பரவாயில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அதில் வரும் எண்ணைக் காட்டிச் சண்டை போட உதவாது.

நடுவே இவ்வளவு மரம் இருக்கிறதே, சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளாதா?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மரமும் செடியும் கண்ணுக்குத்தான் திரை. நாலைந்து வரிசை மரம் சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. மண்மேடு குறைக்கும், கல்சுவர் குறைக்கும், உங்கள் வண்டியே குறுக்கே நின்றால் கொஞ்சம் குறைக்கும்.

மலையில் இன்னொரு சங்கதி உண்டு. வெயில் நேரத்தில் தரைக்காற்று சூடாகவும் மேல்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். காற்றில்லாத தெளிந்த இரவில் தலைகீழ். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதற்கு மேலே சூடான அடுக்கு நிற்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழேயே வந்து இறங்கும். பகலில் கேட்காத கோயில் மணி இரவில் எதிர்மலையிலிருந்து தெளிவாகக் கேட்பது இதனால்தான். எதிர்மலையில் நாய் குரைப்பதை உட்கார்ந்து ரசிக்கும் நீங்கள், உங்கள் ஜெனரேட்டரை எதிர்மலைக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

ஜெனரேட்டர் இல்லாமல் ஒரு ராத்திரியை ஓட்ட முடியுமா?

முடியும். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட் இருக்கிறது. சின்ன ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடினால் அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். நான்கு எல்இடி விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் பத்தில் ஒரு பங்கு யூனிட். இரண்டு செல்போன், ஒரு லேப்டாப், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்த்து இன்னும் கால் யூனிட்டுக்குள். மறுநாள் காலையிலும் மிச்சம் இருக்கும். பழைய ஈய அமில பேட்டரி என்றால் பாதி அளவுக்குத்தான் எடுக்கலாம், அதற்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும்.

வண்டி ஓடும்போதே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 30 ஆம்பியர் போகிற மாதிரி சார்ஜர் வைத்துக்கொண்டால் மணிக்கு 0.4 யூனிட் ஏறும். பெங்களூரிலிருந்து சேலம் 200 கிலோமீட்டர். அடிவாரம் வரும்போதே பேட்டரி நிரம்பிவிடும். சோலார் தகடு வெயில் நாளில் நன்றாகக் கொடுக்கும். ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் அதை நம்பி வராதீர்கள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஜெனரேட்டர் சத்தம் கேட்டு ஓடினேன். தேங்காய்ச் சட்னி அரைக்கவாம். 750 வாட் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் செலவாவது 0.04 யூனிட்கூட இல்லை. பேட்டரியில் ஓட்டியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் எங்கள் சமையற்கட்டில் அம்மிக்கல் இருக்கிறது, மிக்ஸியும் இருக்கிறது, கேட்டால் சட்னியே கிடைத்திருக்கும்.

ஏசி போட வேண்டுமே?

இங்கே 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் இரவில் போர்வை கேட்கும். சன்னலைத் திறந்து கொசுவலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சேலத்தில் தங்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. அங்கே கரண்ட் இணைப்பு கொடுக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஊரில் நன்றாக இழுத்த ஜெனரேட்டர் இங்கே திணறுகிறதே?

கருவியில் கோளாறில்லை, காற்று மெலிந்துவிட்டது. உயரம் 300 மீட்டர் கூடும்போதெல்லாம் இன்ஜின் சக்தி ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும். இங்கே வரும்போது 17 சதவீதம் போயிருக்கும். 2000 வாட் கருவியிடம் 1650-தான் எதிர்பார்க்கலாம். கார்புரேட்டர் இன்ஜினுக்கு இதோடு பெட்ரோல் விகிதமும் கூடிப்போய்க் கரும்புகை வரும். திணறும் இன்ஜின் அதிகமாகக் கத்தும் என்பதால் பக்கத்து வண்டிக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பை விட்டுவிட்டு கேஸ் அடுப்பில் சமையுங்கள்.

எங்கே வைப்பது? பெட்டிக்குள் வைத்து மூடிவிடலாமா?

மூடவே கூடாது. இன்ஜின் சூடேறும், பெட்ரோல் பக்கத்தில் இருக்கும், தீப்பிடிக்கும். மூன்று பக்கம் பலகை நிறுத்தி, மேலேயும் பின்னாலேயும் காற்றுக்குத் தாராளமாக வழி விடலாம். அடியில் ரப்பர் பாய் போட்டால் தரை அதிர்வு குறையும். மாசி பங்குனியில் சில்வர் ஓக் இலை முழங்கால் உயரம் குவிந்து காய்ந்து கிடக்கும். அதன்மேல் கருவியை வைத்தவரை அன்றே வேறு இடம் பார்க்கச் சொல்வேன்.

சைலன்சர் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும். எந்த வண்டியிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி. உங்கள் சன்னலுக்குச் சத்தம் வரக்கூடாது என்று அடுத்தவர் சன்னலுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தத்தை விடுங்கள், அது உயிர் விஷயம். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை, தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று பின்னர் சோதனையில் தெரிந்தது. வண்டிக்குள் அதற்கான அலாரம் ஒன்று மாட்டுங்கள். தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது என்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மழை வந்தாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி.

அப்பாவுக்கு இரவில் மூச்சுக் கருவி வேண்டும். என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடாமலிருக்க முகத்தில் மாட்டும் சிபாப் (CPAP) கருவி என்றால், காற்றை ஈரமாக்கும் சூட்டுப் பகுதியை அணைத்துவிட்டு ஓட்டினால் ஒரு இரவுக்கு அரை யூனிட்டுக்குள்தான் எடுக்கும், பேட்டரியே போதும். ஆனாலும் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு இடமும் பிளக் பாயின்ட்டும் இப்படிப்பட்டவர்களுக்காகவே வைத்திருக்கிறோம்.

பக்கத்து வண்டியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படிச் சொல்வது?

நேரில் போங்கள். தூரத்திலிருந்து டார்ச் அடிப்பது, ஹாரன் அடிப்பது, பதிலுக்குப் பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் இங்கே நடந்திருக்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை. சாப்பிடும் நேரம் பார்த்துப் போகாதீர்கள். "வணக்கமுங்க, எங்க வண்டி பக்கத்துலதான் நிக்குது. பாப்பாவத் தூங்க வெக்கறோம், கொஞ்சம் சத்தமா இருக்குதுங்க. எத்தன மணிக்கு ஆஃப் பண்ணுவீங்க?" என்று கேட்டால் போதும். ஆஃப் பண்ணுங்க என்று சொல்வதைவிட எத்தனை மணிக்கு என்று கேட்பது நன்றாக வேலை செய்கிறது. பத்தில் எட்டுப்பேர், "ஐயோ, உங்களுக்குக் கேக்குதுங்களா? இதோ" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. வண்டிக் கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்தால் ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்குத்தான் சத்தம் குறைவாகக் கேட்கும்.

மீதி இரண்டு பேரிடம் நீங்கள் பேச வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். பொது இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டால், அந்த இடத்துக்கான அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்க அதே 2000 விதிகளில் வழியிருக்கிறது. அவசரம் என்றால் 112. ஆனால் சுற்றுலா வந்த இடத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்க யாருக்கு ஆசை?

ஓட்டப் போகிறவரே முன்னால் போய்ச் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. "பேட்டரி கொறஞ்சிருச்சுங்க, அஞ்சு மணிலேருந்து ஒரு மணி நேரம் ஓட்டிக்கறேன்" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வந்தால், அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தம்தான் தலைவலி.

அமெரிக்காவில் எல்லாம் எப்படி?

அங்கே இந்தப் பழக்கம் பழையது என்பதால் விதிகளும் பழையவை. தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டர் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டினால் விதிமீறல். முகாம் திடல்கள் பலவற்றில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு திடலும் ஜெனரேட்டருக்கென்று தனி மணிக்கணக்கு எழுதி வைக்கும். ஜெனரேட்டரே கூடாத வரிசைகளும் உண்டு. அங்கே திடலைச் சுற்றிக் காடு. இங்கே சுற்றிலும் குடியிருப்பு. அதனால் அந்த 60-ஐ அப்படியே இறக்குமதி செய்யமுடியாது.

காட்டுமாடு வராமலிருக்க ஜெனரேட்டரையும் ஃபோகஸ் லைட்டையும் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். லாரியும் பஸ்ஸும் கேட்டு வளர்ந்த காட்டுமாட்டுக்கு உங்கள் ஜெனரேட்டர் ஒரு பொருட்டில்லை. அந்த இரைச்சலில் அது காபிச் செடிக்குள் நடந்து வருவது உங்களுக்குத்தான் கேட்காது. சாப்பாட்டு மிச்சத்தையும் காய்த்தோலையும் வெளியே போடாதீர்கள். வந்துவிட்டால் வண்டிக்குள் இருங்கள், அதுவாகப் போய்விடும்.

பாட்டு? வண்டி இன்ஜின்?

பாட்டு உங்கள் வண்டிக்குள் கேட்டால் போதும். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு உட்காருவதும் ஜெனரேட்டர் கணக்கில்தான் சேரும், டீசல் புகையோடு. விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுபவர்கள் முந்தின இரவே வண்டியைக் கேட் பக்கம் மூக்கைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அந்தப் பீப்பீ சத்தத்துக்கு மொத்தத் தோட்டமும் எழுந்துவிடும்.

கரண்ட்டே போய்விட்டால்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்களுக்குக் கரண்ட்டும் இல்லை. களத்தில் ஒரே ஒரு வண்டி மாட்டிக்கொண்டிருந்தது, ஓசூர்க்காரர். பேட்டரி போதுமான அளவு இருந்ததால் தனக்காக அவர் ஜெனரேட்டரைத் தொடவே இல்லை. இரண்டாம் நாள் மாலை அவராகவே லைன் வீடுகளுக்கு இறங்கிப் போய், "போன் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நீள ஒயரில் இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பத்துப் பன்னிரண்டு போன், சேலத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் பேச வரிசையில் நின்ற அம்மாக்கள். ஏழு மணியானதும் அணைக்கப் போனவரை அவர்கள்தான் தடுத்தார்கள். அன்று அவர்களுக்காக ஜெனரேட்டர் ஒன்பதரை வரை ஓடியது.

விதியை மீறினால் என்ன செய்வீர்கள்?

முதல் தடவை வந்து சொல்வேன். இரண்டாவது தடவை காலையில் கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன். இரவில் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில், பனிமூட்டத்தில், கோபத்தோடு இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இதுவரை காலையில் கணக்கை முடித்து அனுப்பியது ஒரே ஒருவரை. அவரும் கிளம்பும்போது மிளகு கால் கிலோ வாங்கிக்கொண்டுதான் போனார்.